நம்பர் பார்த்து வாங்கிய எஞ்சின்

எங்கள் வீட்டு அம்பாசடரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 1978 மாடல், மார்க் 3. அதற்கு எஞ்சின் மாற்றிய கதையை மட்டும் எழுதவில்லை.

1998 கோடையில் விராலிமலை தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்தது. கொதித்துக் கிடந்த எஞ்சினில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றிய புண்ணியவான் நான்தான். பிளாக் விரிசல் விட்டுவிட்டது. பழைய எஞ்சின் ஒன்று வாங்கி மாட்டுவதுதான் வழி என்று மெக்கானிக் சொன்னார். இருவரும் ரயிலேறிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனோம்.

கடையில் ஏழெட்டு எஞ்சின்கள் கிரீஸ் அப்பிக் கிடந்தன. ஆபீஸ் ஸ்டோர்ஸில் இருபது வருடம் லெட்ஜர் எழுதிய கெத்தில், ஒரு பிளாக்கில் மேடாகத் தெரிந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன். கடைக்கார பாய் சிரித்தார். "சார், அது வார்ப்பு நம்பர். அந்த அச்சுல ஊத்தின எல்லா பிளாக்குலயும் அதேதான் இருக்கும். எஞ்சின் நம்பர் பள்ளமா இருக்கும், பஞ்ச் வெச்சு அடிச்சது." மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் கொண்டு அழுக்கை எடுத்து, மேலே சாக்பீஸைத் தேய்த்தார். வெள்ளையாக எண் எழுந்து வந்தது.

முதல் எஞ்சின் ஆறாயிரத்து ஐந்நூறு சொன்னார். மெக்கானிக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அந்த எண் உறுத்தியது. ஒரு 3 சாய்ந்திருந்தது. கையால் அடிப்பதில் அது சகஜம், அதை வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எண்ணைச் சுற்றி மட்டும் இரும்பு வழுவழுப்பாக, விரல் வைத்தால் லேசாகக் குழிந்து இருந்தது. அரம் போட்டிருக்கிறார்கள். பாயைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த எஞ்சின் மேலிருந்த சாக்கை விலக்கினார்.

அது ஒன்பதாயிரம். ஹெட்டைக் கழற்றி அளந்தோம். 1489 சிசி எஞ்சினுக்கு சிலிண்டர் வாய் புதிதில் 73 மில்லிமீட்டர் சொச்சம். இது 73.5. இருபது சைஸ் போர் ஒருமுறை செய்திருக்கிறார்கள், இன்னொரு முறை தாங்கும். கழித்துக் கட்டிய வண்டியின் ஆர்.சி. ஜெராக்ஸ் பாயிடம் இருந்தது. அதிலிருந்த எண்ணும் பிளாக்கில் இருந்த எண்ணும் ஒன்றே. பில் போட்டு வாங்கினேன். அந்த இரண்டாயிரத்து ஐந்நூறுக்காக மெக்கானிக் திருச்சி வரும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

பட்டறையில் இறக்கியதும் அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே நம்பர் பஞ்ச் செட். "ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஏன் சார் அலையணும்? இதைத் தேய்ச்சிட்டு உங்க பழைய நம்பரையே அடிச்சிடறேன். பத்து நிமிஷ வேலை."

உடனே வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. லீவு மிச்சம் இல்லை, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கை கட்டி நிற்கவும் மனமில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன்.

ராத்திரி அந்த ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தேன். கும்பகோணத்து விலாசம். என்ன தோன்றியதோ, இந்த எண்ணுள்ள எஞ்சினை வாங்கியிருக்கிறேன், வண்டி உங்களுடையதுதானா என்று கேட்டு ஒரு கார்டு போட்டேன். மெக்கானிக்கை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. ஓர் அம்மாள் எழுதியிருந்தார். வண்டி தன் கணவருடையது, அவர் காலமாகி இரண்டு வருடம், பாடி துருப்பிடித்ததால் விற்றுவிட்டோம் என்று. கடைசியில் இரண்டு வரி: காலையில் சோக் முழுவதும் இழுத்தால்தான் பிடிக்கும், செல்ஃபை விடாமல் அடித்து பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள், அவர் எப்போதும் சொல்வார்.

பஞ்ச் டப்பாவை மூடச் சொன்னேன். பிளாக்கில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மூன்று நடை நடந்தேன். சம்பளம் இரண்டு நாள் போனது. ஆர்.சி. புத்தகத்தில் பழைய எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதிக் கொடுத்தார்கள்.

கார்புரேட்டரையும் சேர்த்தே வாங்கியிருந்தோம். அந்த அம்மாள் எழுதியபடியேதான், மார்கழி மாதத்தில் சோக்கை முழுக்க இழுக்காமல் அது ஒருநாளும் கிளம்பியதில்லை.