ஜரிகையின் சிவப்பும் எஸ்எம்பிஎஸ்ஸின் கனமும்

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் கம்ப்யூட்டர்காரர் அல்ல. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறியின் ஜக்கார்டு அட்டைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா. சென்னை ரிச்சி தெருக் கடையொன்றில் அடுக்கி வைத்திருந்த பவர் சப்ளை எல்லாவற்றிலும் 450 வாட்ஸ் என்றே ஸ்டிக்கர். விலை மட்டும் ஒன்றுக்கொன்று மூன்று மடங்கு வித்தியாசம். அப்பா இரண்டு கையிலும் இரண்டை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "இது காலி டப்பாப்பா" என்று ஒன்றைக் கீழே வைத்தார். கடைப்பையன் சிரித்தான், மறுக்கவில்லை.

உள்ளே என்ன இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாது. பிற்காலத்தில் இரண்டு வகையையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன். கனமானதில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், சூட்டை இழுக்கத் தடித்த அலுமினியத் தகடு, பருத்த கெப்பாசிட்டர்கள், கரண்டில் வரும் அழுக்கை வடிகட்டுகிற செப்புச் சுருள். லேசானதில் அந்தச் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கம்பித்துண்டை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இங்கே சுருள் வரவேண்டும் என்று பலகையில் அச்சிட்ட படம் மட்டும் அப்படியே இருந்தது.

ஸ்டிக்கரை நம்பாத புத்தி அவருக்கு ஜரிகையிலிருந்து வந்தது. அசல் ஜரிகைக்கு நடுவில் சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம். நகத்தால் சுரண்டினால் சிவப்பு தெரியவேண்டும். வேறு நிறம் எட்டிப்பார்த்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். 57 விழுக்காடு வெள்ளியும் 0.6 விழுக்காடு தங்கமும் என்று இருந்த கணக்கைப் பின்னாளில் வெள்ளி 40, தங்கம் 0.5 என்று குறைத்தார்கள். புடவைக் கடையில் மினுங்குவது எல்லாம் அந்த அரை விழுக்காடுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மயங்குகிறவர்கள் வாடிக்கையாளர்கள். எங்கள் தெருவில் சுரண்டித்தான் பார்ப்பார்கள்.

கம்ப்யூட்டர் வேண்டும் என்று 2003இல் முடிவு செய்ததும் அவரேதான். அதுவரை ஜன்னல் ஓரம் கட்டம் போட்ட தாளை விரித்து, ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஜக்கார்டுப் பெட்டியில் ஒரு கொக்கி. மேலே ஒரு வரி என்றால் ஓர் அட்டை. நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை. ஓட்டை இருந்தால் கொக்கி எழும், அதோடு பாவு இழையும் எழும். 240 கொக்கிப் பெட்டிக்கு ஓர் அன்னம் போடவேண்டும் என்றால், கழுத்து வளைகிற இடத்தில் எந்தக் கட்டத்தை விடுவது எதை நிரப்புவது என்று அரை நாள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அன்னத்தின் கண் ஒரே கட்டம். அது இடம் மாறினால் அன்னம் வாத்தாகிவிடும் என்பார்.

கண் மங்கத் தொடங்கியிருந்தது. காந்தி ரோட்டுப் பக்கம் ஓரிருவர் டிசைனைத் திரையில் போட ஆரம்பித்திருந்தார்கள். "வேலை அங்க போவுதுன்னா நாமளும் கூடவே போவோம்" என்றார். அவ்வளவுதான் விவாதம்.

கம்பெனிப் பெட்டி வாங்கக் காசு போதாது. பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தான்: பென்டியம் 4, 845 சிப்செட் போர்டு, 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 17 அங்குல மானிட்டர். அப்பா அந்தச் சீட்டைப் பட்டுநூல் கணக்கு நோட்டில் வைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கு வந்தார். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முன்பெல்லாம் ரேடியோப் பாகம் விற்ற தெரு. நரசிங்கபுரம், மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளிலும் அதே சரக்கு. ஒரே போர்டுக்குக் கடைக்குக் கடை ஒரு விலை. பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. பில்லோடுதான் என்று அப்பா நின்றார். சீரியல் நம்பர் எழுதாத வாரண்டி வாய்ப்பேச்சுதான் என்பதை அந்தத் தெருவில் கால்வைத்த அன்றைக்கே புரிந்துகொண்டார்.

ப்ராசஸரின் வேகத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மானிட்டரின் முன்னால்தான் நெடுநேரம் நின்றார். இன்று யோசித்தால் அவர் கணக்கு சரி. 240 கட்டம் அகலமுள்ள படம் பென்டியம் 4க்குத் தூசு. அதைவிடப் பழைய சிப்பே போதும். நாளெல்லாம் திரையைப் பார்க்கப்போவது கண். அந்தக் காலத்துக் குண்டுத் திரையை 60 ஹெர்ட்ஸில் விட்டால் லேசாகத் துடிக்கும், சாயங்காலத்துக்குள் தலைவலி வரும். 85இல் வைத்தால் துடிப்பு அடங்கும். கடைக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினார். அப்பா கடைக்கண்ணால் பார்த்து, "இதான் நிக்குது" என்றார். துடிப்பு நேராகப் பார்ப்பதைவிட ஓரக்கண்ணுக்கு அதிகம் தெரியும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

பாகங்களைக் கோர்த்தது வீட்டில், தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் விரித்து. அந்தக் காலத்து பென்டியம் 4க்கு சாக்கெட் 478. சிப்பின் அடியில் 478 ஊசிக்கால்கள். மறு வருடமே இன்டெல் அந்தக் கால்களைப் போர்டுக்கு மாற்றிவிட்டது. ஏஎம்டி 2022 வரை சிப்பிலேயே வைத்திருந்தது. அண்ணன் சிப்பைப் பாயிலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் ஒரு கால் மடங்கியிருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அம்மா பக்கத்துத் தறியில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். தீர்ந்த பாவின் ஒவ்வொரு இழை முனையோடும் புதுப் பாவின் இழை முனையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்குகிற வேலை; ஒரு புடவைப் பாவுக்கு ஆயிரக்கணக்கான இழை.

"என்னடா அது?"

"கால் ஒண்ணு மடங்கிடுச்சி சித்தி. திருப்புனா உடைஞ்சிடும்."

"தா இங்க."

சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தையல் ஊசியின் முனையால் அந்தக் காலை மெதுவாக நிமிர்த்தினாள். ஒரே மூச்சில் இல்லை. கொஞ்சம் தள்ளுவாள், நிறுத்துவாள், பக்கத்து வரிசையோடு ஒத்துப் பார்ப்பாள். "மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேட்டாள். 478 என்றான் அண்ணன். "அவ்ளோதானா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாவுக்குப் போய்விட்டாள். சிப் சாக்கெட்டில் அழுத்தாமல் தானாக இறங்கியது.

ஜக்கார்டுப் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவை நான்தான் பெருமையோடு அப்பாவிடம் சொன்னேன். பிரான்சில் ஜக்கார்டு 1804இல் அந்தப் பெட்டியைச் செய்தார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கு இயந்திரத்துக்கு அதே ஓட்டை அட்டையை எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் ஓட்டை அட்டையில் எண்ணினார். லியோன் நகரத்தில் ஜக்கார்டின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்தார்கள், அதில் ஒன்று பாபேஜ் வீட்டில் இருந்தது என்றெல்லாம் அடுக்கினேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "24,000 அட்டையா? எங்க தொங்க விட்டான்?" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் சில நூறு அட்டை கோர்த்த சரமே உத்தரத்திலிருந்து தலையில் இடிக்கும்.

அட்டை, கொக்கி, ஓட்டை என்று நினைவு போனால் கூடவே மின்வெட்டும் வந்துவிடுகிறது. 2012இல் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் கரண்ட் இருக்காது. கைத்தறிக்கு அதனால் பாதகமில்லை. பகலில் கூரைக் கண்ணாடி வெளிச்சம் போதும், நாடா ஓடிக்கொண்டிருக்கும். திரையில் டிசைன் போட்டவர்கள்தான் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ண நேரம் கொடுக்கும், வேலை பார்க்க அல்ல. அப்பா பழைய கட்டத்தாளைத் தூசி தட்டி எடுத்துவிட்டார். கரண்ட் போகும், வரும், ஒரு துள்ளலோடு வரும். தெருவில் அந்த வருடம் செத்துப்போன போர்டுகளை நான் எண்ணவில்லை. எங்கள் பெட்டிக்குள் இருந்த கனமான எஸ்எம்பிஎஸ் பிழைத்துக்கொண்டது. அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். நான் அப்படி நினைப்பதில்லை.

ரிச்சி தெருவுக்குப் போகிற பஸ் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாகத்தான் போகும். அந்த வழியில் 2006இல் நோக்கியா ஆலை வந்தது, அடுத்த வருடம் டெல் கம்ப்யூட்டர் ஆலை. கம்பெனிக் கம்ப்யூட்டர் தயாராகிற இடத்தை ஜன்னலில் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய், பாகம் பாகமாகப் பொறுக்கி மடியில் வைத்துத் திரும்பிவருவோம். அதே சாலையில் எதிர்த்திசையில் கம்பெனி பஸ்கள் வரும், எங்கள் தெருப் பையன்களை ஷிஃப்ட் முடித்துக் கொண்டுவந்து விட. தறியைவிடச் சம்பளம் நிச்சயம், குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார வேண்டியதில்லை. கரையைத் தனி நிறத்தில் இணைத்து நெய்கிற கோர்வைக்கு மறுபக்கம் உட்கார்ந்து கரைநாடாவைத் தள்ள ஆள் கிடைப்பது அதற்குப் பிறகு பெரும்பாடாயிற்று. 2014 நவம்பரில் நோக்கியா மூடியதும் சில பேர் திரும்பி வந்தார்கள். தறிக்கு வரவில்லை, செல்போன் கடை வைத்தார்கள்.

அடுத்த பெட்டியை 2018இல் நான் கோர்த்தேன். ரைசன் 3 2200ஜி, தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லாத சிப். ஏஎம்4 சாக்கெட் போர்டு. எட்டு ஜிபி டிடிஆர்4. அப்போது இன்டெல்லில் சிப்பை மாற்றினால் பெரும்பாலும் போர்டையும் மாற்றவேண்டியிருந்தது. ஏஎம்டி ஒரே சாக்கெட்டை வருடக்கணக்கில் வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தது. அந்தச் சொல்லை நம்பித்தான் வாங்கினேன். அது எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மறு வருடம், 40 வருடத்துக்கு ஒரு முறை கோயில் குளத்திலிருந்து வெளியே வருகிற அத்தி வரதர். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள், ஊர் ஊராக இல்லை. வெளி வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் வரவழைத்த ஹார்ட் டிஸ்க் எங்கேயோ ஒரு கூரியர் கிடங்கில் கிடந்தது. பழைய டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அதில்தான் அப்பாவின் டிசைன் எல்லாம். 1979இல் வரதர் வெளியே வந்தபோது அப்பா கட்டத்தாளில் கைபழகிக்கொண்டிருந்த வயது. இந்தத் தடவை நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "அத்தி மரம்டா. 40 வருஷம் அனந்தசரஸ் தண்ணிக்குள்ள படுத்துக் கெடந்தும் மூக்கு முழி அப்படியே இருக்கு. உன் டிஸ்க் எத்தனை வருஷம் தாங்கும்?" அன்று ராத்திரியே எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் ஏற்றினேன். இப்போது மின்னணு ஜக்கார்டுக்கு அட்டையே வேண்டாம், அந்தப் பென் டிரைவையே செருகினால் போதும். அப்பாவுக்கு அதில் ஒப்புதல் இல்லை. அட்டை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும், தைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

இப்போது மகள் காலேஜில் சேர்ந்து, அவளும் ஒரு லிஸ்ட் கொண்டுவந்தாள். எல்லாம் புதுசு: ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ரேம், விளக்கு எரிகிற ஃபேன் மூன்று, பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கேபினட். விலை விசாரித்தபோது ரேம் ஒன்றே லிஸ்டைத் தூக்கிச் சாப்பிட்டது. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரிச் சில்லுகளை மொத்தமாக இழுத்துக்கொண்டன. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றதையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது ஹார்ட் டிஸ்குக்கு இப்படி நடந்தது. அதே 2025இல் தங்கமும் வெள்ளியும் ஏறிய ஏற்றத்தில் ஜரிகை வாங்கமுடியாமல் எங்கள் தெரு திணறிக்கொண்டிருந்தது. எங்கோ யாரோ மொத்தமாக வாங்க, விலை பிள்ளையார்பாளையத்தில் வந்து இறங்குகிறது.

அவளை உட்காரவைத்துப் பழைய பெட்டியைத் திறந்தேன். 2018 போர்டுக்கு பயாஸை மட்டும் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசைச் சிப்பும் ஏறும். டிடிஆர்4 ரேம் கையில் இருக்கிறது. இன்னொரு எட்டு ஜிபி பழையதாகக் கிடைத்தால் 16. டிடிஆர்5ஐ அதில் செருக முடியாது. காடி வேறு இடத்தில். ஆகப் புதிதாக வாங்கவேண்டியது சிப், ஒரு எஸ்எஸ்டி, ஒரு எஸ்எம்பிஎஸ். சிப்பைப் பெட்டியோடு வாங்கினால் மூன்று வருட வாரண்டி, ஃபேனும் வரும். ட்ரே என்று தனியாக விற்பதில் கடைக்காரர் வாய்தான் வாரண்டி. "பாவு புதுசு, விழுது பழசு" என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. விழுது என்பது தறியில் பாவு இழைகள் கோத்திருக்கும் கண்ணிகள்.

எஸ்எம்பிஎஸ் 550 வாட்ஸ், 80 ப்ளஸ் பிரான்ஸ் என்று நான் எழுதினேன். அந்தக் காசில் இன்னும் பெரிய எஸ்எஸ்டி வருமே என்றாள். தாத்தாவிடம் போய் முறையிட்டாள். அவர் எதைப் பற்றியது என்று முழுசாகக் கேட்காமலே, "கனமா இருக்கறதா வாங்கு" என்றுவிட்டார். 80 ப்ளஸ் என்பது உள்ளே எடுக்கிற கரண்டில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதற்கான சான்று, எடைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை என்று நான் விளக்கப்போகவில்லை. எனக்குச் சாதகமான தீர்ப்பு.

கண்ணாடிக் கேபினட்டை மட்டும் அவள் விடவில்லை. தறி ஓடுகிற வீட்டில் பட்டுத் துகள் பறந்துகொண்டே இருக்கும். பழைய பெட்டியின் ஃபேனிலிருந்து நான் உருவி எடுத்த பஞ்சில் ஒரு விளக்குத்திரியே திரிக்கலாம். இரும்புப் பெட்டியில் அது தெரியாது, கண்ணாடியில் ஊருக்கே தெரியும். சரி, வாங்கிக்கொள், மாதம் ஒரு தரம் ஃபேனைப் பிரஷ் வைத்துத் துடைப்பது உன் பொறுப்பு என்று அவள் லிஸ்டின் அடியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.