கிரானில் யார் பெயர்?

மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் வீடு வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை. பிரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பெயர் இருக்கும்வரை லயத்தில் ஒரு வீடு உண்டு. வேலை நின்றால் சாவியைத் தோட்டத்துக் கிராணியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். வாசலில் நட்ட முருங்கைகூட துரையின் மண்ணில்தான் காய்த்தது.

விற்பனையெல்லாம் அவர்களைக் கேளாமலே நடந்தது. 1957-இல் மெர்டேக்கா (விடுதலை) கிடைத்ததையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுக் கரையேறின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். ‘துண்டாடல்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வேலை போன கையோடு வீடும் போயிற்று. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். பால்மரம் வெட்டிய கைகள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தன. சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது: புக்கிட் சிடிம். தொழிலாளிகளே தோட்டத்தை வாங்கியது சாதாரணக் காரியமா? ஆனாலும் கிரான், அதாவது நிலப் பட்டா, சங்கத்தின் பெயரில். தனியொருவர் தன் பெயரைக் கிரானில் பார்க்கும் ஆசை பாக்கி நின்றது.

அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவல் காட்டுகிறது. அதில் வரும் சலவைத் தொழிலாளித் தகப்பன், தனக்கு உரிமையில்லாத நிலத்தில் வீடு கட்டுகிறார். கடைசியில் அந்த வீட்டோடு தன்னையும் எரித்துக்கொள்கிறார். மிகை என்று நினைப்பவர்கள் தோட்டத்தில் வளராதவர்களாக இருக்க வேண்டும்.

இப்போது தாமான், அதாவது குடியிருப்புப் பேட்டைகளின், காலம். 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பாக்டரிச் சம்பளம் வாங்கினார்கள். சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய் பக்கம் வரிசை வீடுகள் எழும்பின. கிழக்குப் பார்த்த வாசலா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா (அப்படியென்றால் தமிழர் பெயருக்கு மாறாது), பத்து விழுக்காடு முன்பணத்துக்கு எங்கே போவது? பேங்க் பதில் வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் பின்வாங்கினால் அந்தப் பத்து விழுக்காடும் போய்விடும்.

வேறொரு சிக்கலும் உண்டு. ஊழியர் சேமநிதிப் பணம் 55 வயதில் கைக்கு வரும். பெரும்பாலான பேங்க்குகளோ 70 வயதுக்குள் கடன் அடைந்தாக வேண்டும் என்கின்றன. 55 தாண்டி, அதுவும் சம்பளம் நின்றபின், அப்பாவுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? ஆகவே முன்பணம் அப்பாவின் சேமநிதி, கடன் மகன் பெயரில், கிரானும் மகன் பெயரில். பால் காய்ச்சும் நாளில் இது யாருக்கும் உறைப்பதில்லை.

இப்படி எத்தனையோ வீடுகளில் நடப்பதை ஒரு வீட்டில் வைத்துப் பார்க்கலாம். பத்து வருடம் கழிகிறது. மகனுக்கு ஜொகூரில் வேலை. “அங்கேயே ஒரு வீடு பார்த்திருக்கேன்பா, இதை வித்துடலாம்” என்கிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கடனை ஒரு சம்பளத்தால் கட்ட முடியாது. அப்பாவின் கையெழுத்து எந்தத் தாளிலும் தேவைப்படுவதில்லை. வாங்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றாமல் அறை அறையாகப் பார்க்கிறார்கள், சுவரைத் தட்டுகிறார்கள், சாமி மேடையை இடித்தால் அலமாரி வைக்கலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. அப்பா மட்டும் கூடவே நடந்து, மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பதைக்கூட மறைக்காமல் சொல்லிவிடுகிறார். மகன் முறைக்கிறான்.

மூன்று மாதத்தில் பணம் முழுக்க வந்துவிடும், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்று ஏஜென்ட் விளக்குகிறார். அப்பாவுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். சாவியை எந்தத் தேதிக்கு, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.