சிவப்பொளியும் பச்சையொளியும்

கேம்பிறிஜ் நகரில் உருவாகி 2012 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ‘றாஸ்பெரி பை’ என்னும் சிறு கணினிக்கு வன்தட்டு இல்லை. அதன் பணிசெயல் முறைமை வழக்கமாக நினைவக அட்டையிலேயே தங்கும்.

மாணவனொருவன் அதனை வாங்கி மின்னிணைக்கிறான். சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சை விளக்கு சிமிட்டவில்லை. திரையும் இருண்டே கிடக்கிறது. கருவி பழுதென்று மூலையில் வைத்துவிடுகிறான். உண்மையில், மின்சாரம் வந்துவிட்டது. தான் தேடும் தொடக்கக் கோப்புகளையே கணினி அட்டையிற் காணவில்லை. முறைமையின் படிமக் கோப்பை அவன் பிரதிசெய்தானேயன்றிப் பதிக்கவில்லை. அது மூடிய பொதியாய்க் கிடக்கிறது. உரிய மென்பொருளாற் பதித்து, பதித்ததைச் சரிபார்த்தல் வேண்டும். பின்னும் இயங்காதெனில், அட்டையையும் மின்வழங்கியையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தல் தகும். இரண்டையும் ஒருங்கே மாற்றுவோன் பிழை எதுவென அறியான்.

தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டுமென்பது கருவிகளுக்கும் பொருந்தும்.