வளையல் காணோம்

எழுபதைத் தாண்டிய நாலு பேர் கூடினால் சர்க்கரை, பிரஷர், முட்டி வலி எல்லாம் பேசுவோம். எந்த மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது வரை பேசுவோம். வீட்டில் மனைவிக்கோ கணவருக்கோ நினைவு தப்புவதை மட்டும் குடும்ப ரகசியம் மாதிரி மூடி வைத்துவிடுவோம். என் மனைவிக்கு ஐந்து வருடமாக அல்சைமர் நோய். அவளோடு இருந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். யாருக்காவது உபயோகப்படும்.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நம் எல்லோருக்கும் உண்டு. அது வேறு. அவளுக்கு இது கணக்கில்தான் முதலில் தெரிந்தது. முப்பது வருடமாகக் காலண்டரில் பால் கணக்குக் குறித்து, மாதக் கடைசியில் மனக்கணக்காகவே கூட்டிச் சொல்கிறவள். ஒரு மாதம் கூட்ட வராமல் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் எடுத்தவுடனே அல்சைமர் என்று சொல்லிவிடவில்லை. தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் எல்லாம் பார்க்கச் சொன்னார். தலையை ஸ்கேன் எடுத்தார். இவற்றில் கோளாறு இருந்தாலும் புத்தி தடுமாறும், அது வைத்தியத்தில் சரியாகக்கூடும் என்றார். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடத்துக்கு முள் போடச் சொன்னார். எண்களெல்லாம் ஒரே பக்கமாக நெருங்கி விழுந்தன. டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நோயைக் குணமாக்காது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவலாம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

மறதியைக்கூடச் சமாளித்துவிடலாம். குணம் மாறுவதுதான் கஷ்டம். இது புதிதும் இல்லை. 1906-ல் ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் முதன்முதலில் இந்த நோயைப் பற்றிப் பேசியது ஒரு பெண் நோயாளியை வைத்துத்தான். அந்த அம்மாவுக்கு முதலில் தென்பட்ட அறிகுறி கணவர் மேல் சந்தேகம்.

எங்கள் வீட்டில் சந்தேகம் வேலைக்கு வரும் பெண் மேல் விழுந்தது. பதினாறு வருடமாக வருகிறவள். "என் வளையலை எடுத்துட்டா" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள் என் மனைவி. வளையல் அரிசி டின்னுக்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவளே வைத்தது.

புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற பகுதிதான் மூளையில் முதலில் கெட ஆரம்பிக்கிறது. டின்னில் வைத்தது அவளுக்குப் பதியவே இல்லை. வளையல் காணோம் என்பது மட்டும் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. நான் வைக்கவில்லை, காணவும் இல்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அவள் வரையில் அது சரியான கணக்கு. அதில் பொய் ஏது?

ஆகவே நான் வாதாடுவதில்லை. "நீதானே வச்சே" என்று நிரூபித்து என்ன லாபம்? அரைமணியில் விஷயம் மறந்துவிடும், மனத்தாங்கல் மட்டும் நிற்கும். "காணோமா? வாம்மா, சேர்ந்து தேடுவோம்" என்பேன். தேடும்போதே பாதிக் கோபம் இறங்கிவிடும். வேலைக்கு வரும் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து நோயைப் பற்றி விவரமாகச் சொன்னேன். "எங்க ஆத்தாவும் கடைசியில இப்படித்தான் ஐயா இருந்துச்சு" என்றாள். இன்றும் வருகிறாள். அவள் கோபித்துக்கொண்டு நின்றிருந்தால் எங்கள் பாடு அன்றைக்கே திண்டாட்டமாகியிருக்கும். தங்கம் லாக்கருக்குப் போயாயிற்று. வீட்டில் இப்போது கவரிங் வளையல்தான்.

விளக்கு வைக்கிற நேரம் இன்னொரு கண்டம். "வீட்டுக்குப் போகணும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். அவள் கேட்பது திருவையாற்றில் பிறந்த வீடு. அதை விற்று எத்தனையோ வருடம் ஆகிறது. "போகலாம், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போவோம்" என்பேன். காபி குடித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் மறந்திருப்பாள். மாலை ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறேன். பகல் தூக்கத்தைக் குறைத்ததும் நல்ல பலன் கொடுத்தது. குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று. இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுவேன். தெருமுனை மளிகைக் கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் விஷயத்தைச் சொல்லி என் செல் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இரண்டே நாளில் நிலைமை திடீரென்று மோசமானால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். போன வருடம் அவளுக்கு அப்படி ஆனது சிறுநீர்த் தொற்றினால். மருந்து கொடுத்ததும் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டாள்.

சென்ற மார்கழியில் ஒரு ராத்திரி என்னைப் பார்த்து, "நீங்க யாரு? எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம், கிளம்புங்க" என்றாள். நாற்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். "சரிங்கம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். நல்ல பனி. கண்ணில் தண்ணீர் வந்ததை மறைப்பானேன்? பத்து நிமிடம் கழித்துக் கதவைத் தட்டினேன். "ஏங்க இவ்வளவு லேட்டு? யாரோ பெரியவர் வந்து உட்கார்ந்திருந்தாரு, அனுப்பிட்டேன்" என்றாள். எனக்குத் தோசை வார்க்கவும் எழுந்தாள். என்னைத்தான் மறந்தாளே தவிர, எனக்காகக் காத்திருப்பதை மறக்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன், ஹோமில் சேர்த்துவிடலாம் அப்பா என்கிறான். அவன் சொல்வதில் குற்றமில்லை. என் உடம்பு முடியாமல் போகிற நாள் வந்தால் அதையும் செய்வேன். அதுவரை என்னையும் நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். புதனும் சனியும் கொழுந்தியாள் வந்து இரண்டு மணி நேரம் கூட இருக்கிறாள். நான் பென்ஷனர் சங்கத்துக்குப் போய் நாலு பேரோடு பேசிவிட்டு வருகிறேன்.

அப்படி ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்கள், முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மனம் ரொம்பச் சோர்ந்துபோனால் டெலி மானஸ், 14416. வங்கிக் கணக்கு, நாமினி, கையெழுத்து வேலைகளை அவர்களுக்குப் புரிகிற காலத்திலேயே முடித்துவிடுங்கள். முக்கியமாக, அக்கம்பக்கத்தில் ஒளிக்காமல் சொல்லுங்கள். எங்கள் தெருவில் நான் சொன்ன பிறகு, இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் என்னிடம் தனியாக வந்து பேசினார்கள்.