கொல்லிமலைப் பாட்டி

கொல்லிமலை என்று சொன்னவுடனே தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரியின் ஞாபகம் வரும். பக்திமான்களுக்கு அறப்பளீசுவரரின் ஞாபகம் வரும். பலாப்பழத்தில் பிரியமுள்ளவர்களுக்கு அதன் ஞாபகம் வரும். அதற்காக அவர்களை நான் குறை கூற மாட்டேன். எனக்கு மட்டும் சில வருஷங்களாக அந்த மலையின் பெயரைக் கேட்டதும் ஒரு கிழவியின் ஞாபகம் வருகிறது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மலைப்பாதையில் மெல்ல மெல்ல ஏறிப் போகும் கிழவி அவர். பிறந்தது லண்டன் நகரில், செல்வம் மிகுந்த ஒரு குடும்பத்தில். பெயர் எவலின் பிராண்ட். ஆனால் பிற்காலத்தில் அவரை அறிந்தவர்கள் எல்லாரும் பாட்டி என்றே குறிப்பிட்டார்கள்.

"வெள்ளைக்காரப் பாட்டியைப் பற்றி நமக்கு என்ன ஐயா பேச்சு? நம் வீட்டுப் பாட்டிமார்கள் போதாதா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் கொல்லிமலைக்குப் போவது பெரிய காரியம் அல்ல. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி பஸ் ஏறுகிறது. ஏறி முடிந்ததும் மலைமேல் பதினான்கு நாடுகள் இருக்கின்றன. நாடு என்றால் கோட்டையும் கொத்தளமும் உள்ள ராஜ்யம் என்று எண்ணிவிடக் கூடாது. சிற்றூர்கள் பல சேர்ந்த தொகுதிக்கு அங்கே நாடு என்று பெயர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு என்று இப்படிப் பல.

திண்ணனூர் நாட்டில் ஒரு முறை காலை வேளையில் நடந்தேன். நடந்தேன் என்பது கொஞ்சம் மிகைதான். பத்து அடிக்கு ஒரு தரம் நின்றேன். பின்னால் விறகுக் கட்டுடன் வந்த ஒரு மூதாட்டி என்னைக் கடந்து போனார். போகிற போக்கில், "என்ன ஐயா, மூச்சு வாங்குதா? வெறுங்கையோடுதானே வர்றீங்க!" என்று கேட்டுவிட்டு மேட்டில் ஏறி மறைந்தார். பட்டணத்து ஆண்பிள்ளையின் பெருமையெல்லாம் அந்த மேட்டோடு போயிற்று. அதே சமயம், இந்தப் பாதைகளும் இல்லாத காலத்தில், தொண்ணூறை எட்டும் வயது வரையில் ஒரு ஸ்திரீ இந்த மலையில் ஊர் ஊராகத் திரிந்தது எப்படி என்ற ஆச்சரியமும் உண்டாயிற்று.

எவலின் அம்மாள் பிறந்தது 1879ஆம் வருஷம். இளமையில் சித்திரக் கலை பயின்றார். இயற்கைக் காட்சிகளை வர்ணத்தில் தீட்டுவது அவருக்கு உயிர். நல்ல உடைகளிலும் ஆசை உண்டு. அப்படிப்பட்டவர் 1913ஆம் வருஷத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற பாதிரியை மணந்து கொல்லிமலைக்கு ஏறி வந்தார். ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். லண்டனில் ஒரு வருஷம் வைத்தியமும் கற்றவர். முழு டாக்டர் அல்லர். ஆனால் டாக்டர் என்று யாருமே இல்லாத இடத்தில், பல்லைப் பிடுங்கவும் கட்டியைக் கீறவும் தெரிந்தவரே தன்வந்திரி அல்லவா? வாழவந்தி நாட்டில் கரையானுக்குத் தப்பும்படி கால்கள்மேல் நிறுத்திய மரவீடு ஒன்று கட்டி, அதில் இருவரும் குடியிருந்தார்கள். 1914இல் பால் என்ற மகனும், அவனுக்குப் பின் கானி என்ற மகளும் பிறந்தனர்.

அந்த வீட்டு வாசலுக்கு வந்த வியாதிகளில் மிகக் கொடியது நரம்புச் சிலந்தி. படிகளில் இறங்கி நீர் மொள்ளும் கிணறுகளில் அதன் கிருமி வளரும். அந்த நீரைக் குடித்தவரின் உடம்புக்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் மறைந்திருந்து, இரண்டு மூன்று அடி நீளப் புழுவாகக் காலைப் பிளந்துகொண்டு வெளிவரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய் உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு சிறு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சமாக, நாள்கணக்கில் இழுக்க வேண்டும். இந்த வேலைக்குச் சாமர்த்தியத்தைக் காட்டிலும் பொறுமைதான் முக்கியம். தம்பதிகள் இதைச் செய்ததோடு, கிணற்றில் யாரும் கால் வைக்காமல் சுவர் எழுப்பவும் ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் தேசம் முழுவதும் இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2000ஆம் வருஷத்தில் அறிவித்தது. குச்சியில் புழுவைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அதற்குள் பலருக்கு மறந்துபோய்விட்டது.

அவர்கள் மலைக்கு வந்தது மதப் பிரசாரத்துக்காக. இதை மறைப்பதில் பயன் இல்லை. சேவையை மத மாற்றத்துக்குத் தூண்டிலாக்கக் கூடாது என்று மகாத்மா காந்தி பலமுறை வற்புறுத்தியதும், தேச பக்தர்கள் பாதிரிமார்களைச் சந்தேகத்தோடு பார்த்ததும் காரணமற்றவை அல்ல. மலை ஜனங்களும் லேசில் மசியவில்லை. மருந்து வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஊர்ப் பூசாரி பலமாக எதிர்த்தார். பிறகு 1918-19இல் இன்புளுயன்ஸா என்ற விஷ ஜுரம் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஜுரம் அது. உற்றாரே அஞ்சி விலகிய வீடுகளுக்குப் பிராண்ட் தம்பதிகள் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போய் வாயில் ஊட்டினார்கள். எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் அந்த ஜுரத்துக்கு இரையானார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தம் பெண் குழந்தையை ஒப்படைத்தது பிராண்ட் தம்பதிகளிடந்தான். தாயாகப் பொறுப்பேற்றவர் எவலின் அம்மாள். அதற்குமேல் சந்தேகம் எங்கே நிற்கும்?

இனிச் சொல்லப் போவதுதான் அவருடைய வாழ்க்கையில் என் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதி. 1923இல் பிள்ளைகளைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். மகனுக்கு வயது ஒன்பது. உறவினர் வீட்டில் இருவரையும் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் மலைக்குத் திரும்பினார்கள். அந்த மகன் தன் தகப்பனை மறுபடியும் பார்க்கவில்லை. 1929 ஜூன் மாதம், மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கடும் ஜுரத்தால் ஜெஸ்ஸி இறந்தார். வயது நாற்பத்து நான்கு. மரணச் செய்தி தந்தியில் லண்டன் போய்ச் சேர்ந்தது. கடிதங்களோ கப்பலில் போயின. ஆகையால், தகப்பன் இறந்துவிட்டார் என்று அறிந்த பிறகும் அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் மகனுக்குச் சில வாரம் வந்துகொண்டே இருந்தன.

ஊரார் குழந்தைகளின் புண்ணைக் கழுவிய கைக்குத் தன் குழந்தைகளின் தலையை வாரிவிடக் கொடுத்துவைக்கவில்லை. இதைத் தியாகம் என்று சொல்லி ஒரு மாலை போட்டுவிட்டு நாம் அப்பால் போய்விடலாம். ஆனால் ஒன்பது வயதுப் பையன் அதைத் தியாகம் என்றா நினைத்திருப்பான்? அம்மா இல்லை என்றுதான் நினைத்திருப்பான். நம் தேசத்துக்காகச் சிறை சென்ற எத்தனையோ பெற்றோர்களின் வீடுகளிலும் இந்தக் கணக்கு நேராமல் இருந்தது. பெரிய காரியங்களின் கடனில் ஒரு பகுதியைக் குழந்தைகள் செலுத்துகிறார்கள். கடன் வாங்கும்போது அவர்களை யாரும் கேட்பதில்லை.

கணவனை இழந்து இங்கிலாந்து சென்ற அம்மாள் சில காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். மகன் டாக்டர் ஆனான். 1946ஆம் வருஷக் கடைசியில் அவனும் இந்தியாவுக்கே வந்து, ஐடா ஸ்கடர் அம்மையார் ஸ்தாபித்த வேலூர் ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை நிபுணன் ஆனான். சிறு வயதில், மலைவீட்டு வாசலுக்கு வந்த தொழுநோயாளிகளுக்குத் தகப்பன் கட்டுப் போடுவதைத் தூரத்திலிருந்து பார்த்த பிள்ளை அவன். குழந்தைகள் அருகே வரக் கூடாது என்பது கட்டளை. அதே பிள்ளை வளர்ந்து, மடங்கிப்போன தொழுநோயாளிகளின் விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினான். வலி தெரியாமற் போவதால் ஏற்படும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டினான். டாக்டர் பால் பிராண்டின் பெயர் இன்றும் வைத்திய நூல்களில் நிற்கிறது. மருமகள் மார்கரெட்டும் தொழுநோயாளிகளின் கண்களைக் காக்கும் டாக்டர். அவர்களுக்கு ஆறு குழந்தைகள். பிரிந்த குடும்பம் இப்படியாக நம் மண்ணில் மறுபடி சேர்ந்தது.

மகன் வந்து சேர்ந்த அதே சமயத்தில், அம்மாளுக்கு வயதாகிவிட்டது, ஓய்வு பெற வேண்டும் என்று அவரை அனுப்பிய சங்கம் தீர்மானித்தது. எழுபதை நெருங்கும் வயது. எந்த உத்தியோகத்திலும் அது பென்ஷன் வாங்கி ஈசிசேரில் சாயும் பருவந்தானே? அம்மாள் மறுக்கவில்லை. சங்கத்தின் சேவையிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டார். பெற்றுக்கொண்டு, தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கு ஏறிவிட்டார்! கொல்லிமலை மட்டும் அல்ல. பச்சைமலை, கல்வராயன் மலை என்று அக்கம்பக்கத்து மலைகளையும் சேர்த்துக்கொண்டார். ஒரு சிறு குடிசை, ஒரு மட்டக் குதிரை, ஒரு மருந்துப் பெட்டி. இந்தச் சொத்தோடு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார்.

குதிரையிலிருந்து விழுந்தார். மலேரியாவில் படுத்தார். எழுபத்தைந்தாவது வயதில் இடுப்பு எலும்பு முறிந்து, கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள். டாக்டர் மகன், "இனிப் போதும் அம்மா" என்ற பாவனையில் மன்றாடிப் பார்த்தார். நான் இல்லாவிட்டால் அந்த ஜனங்களை யார் பார்ப்பார்கள் என்பதுதான் தாயின் கட்சி. உலகமெங்கும் நோயாளிகளை எழுந்து நடக்க வைத்த டாக்டரால் தன் தாயை உட்கார வைக்க முடியவில்லை. கால் தளர்ந்தபோது இரண்டு மூங்கில் கழிகள் வந்தன. அதுவும் முடியாத கடைசிக் காலத்தில் ஜனங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள்.

கடைசி இருபது வருஷங்கள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். சித்திரக்காரியாக, அழகு உடுத்தி, லண்டனில் வளர்ந்தவர்! தம் முகச் சுருக்கத்தை அவர் பார்க்கவில்லை. அதைப் பார்த்தவர்கள் மலை ஜனங்கள். அவர்களுக்கு அது அழகாகவே இருந்திருக்க வேண்டும்.

1974 டிசம்பர் மாதம் தொண்ணூற்றைந்தாவது வயதில் அவர் இறந்தார். அவருடைய விருப்பப்படி, பெட்டியில் வைக்காமல், பழைய பருத்தித் துணி ஒன்றில் சுற்றி, வாழவந்தியில் கணவனுக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்தார்கள்.

இப்போது நேயர்களின் கேள்விக்கு வருகிறேன். 1947இல் நம் நாட்டை ஆண்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். போனவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். ஆயினும் அவர்களுக்கு இந்த ஊர் ஓர் உத்தியோகம், அது முடிந்தது, போனார்கள். இந்த அம்மாளுக்கும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் உத்தியோகம் முடிந்தது. உத்தரவு இல்லை, போகச் சொன்னவர்கள் உண்டு, இருக்கச் சொன்னவர் யாரும் இல்லை. அப்போது அவர் திரும்பிய திசை கொல்லிமலை. சேவை நின்ற பிறகும் ஒருவர் எங்கே நிற்கிறாரோ, அதுவே அவருடைய ஊர் என்பது என் அபிப்பிராயம். பிறப்பால் ஊர்க்காரர் ஆவது நம் கையில் இல்லாதது. அதில் பெருமை கொள்ள என்ன இருக்கிறது? இருப்பால் ஊர்க்காரர் ஆவது வருஷக்கணக்கில் கால் நோகச் சம்பாதிக்க வேண்டியது.

நம் வீடுகளிலும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். பிரசவம் பார்த்தவர்கள், கஷாயம் வைத்தவர்கள், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அம்மை வார்த்தால் ராத்திரி முழுவதும் வேப்பிலையோடு விழித்திருந்தவர்கள். அவர்கள் பெயரை எந்தப் புஸ்தகமும் எழுதவில்லை. கொல்லிமலைப் பாட்டியை அந்த வரிசையில் ஓர் இடம் கொடுத்து உட்கார வைப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இராது. சற்று நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "கால் வலிக்கிறதா, அம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.