மணியார்டர் வந்த வீடு

போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், ஆதார், இரண்டு பாஸ்புக். "சார், ஸ்பர்ஷ்ல என் பேரு ஒத்துப்போகலயாம். நீங்க டிரெஷரில இருந்தவராமே, கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். கணவரின் ராணுவப் பதிவில் இவர் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது. ஆதாரில் 'அம்மா' என்று முடிகிறது. ஓர் எழுத்துதான். அந்த ஓர் எழுத்தை நாற்பது வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் பக்கத்தில் வீட்டுக்கு வருமானம் வந்த வழி பெரும்பாலும் மூன்றுதான். நிலம், தோல் ஷாப்பு, மிலிட்டரி. கணியம்பாடிக்கு அந்தப் பக்கம் கம்மவான்பேட்டை வீட்டுக்கு ஒரு சிப்பாய் என்று பேர் எடுத்த ஊர். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமும் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். எங்கள் அப்பா பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அவர்களைத் 'தம்பி' என்றுதான் ராணுவத்தில் கூப்பிடுவார்கள்.

அப்பாவின் சம்பளம் வங்கி வழியாக வந்ததே இல்லை. சிப்பாயின் கணக்கு ரெஜிமெண்ட் சென்டரோடு சேர்ந்த சம்பளக் கணக்கு அலுவலகத்தில் ஒரு பெரிய லெட்ஜரில் இருக்கும். கைச்செலவுக்கு வேண்டியதை பே பரேடில் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது மாதாமாதம் மணியார்டராக வந்துவிடும். 'அலாட்மெண்ட்' என்று அதற்குப் பெயர். அம்மா அதை 'அலாட்டு' என்பாள். "அலாட்டு வந்துச்சா?" என்று தெருவில் மிலிட்டரி வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

தபால் இலாகா மணியார்டர் வேலையை எடுத்தது 1880ல், சேமிப்பு வங்கி தொடங்கியது 1882ல். ஆக, நம் சிப்பாய் குடும்பங்களுக்கு வங்கி என்றால் அது தபால்காரர்தான். தோல் ஷாப்புக் கூலியில் அட்வான்ஸ் கழிப்பார்கள், வேலை இல்லாத நாளும் உண்டு. மிலிட்டரி வீட்டுப் பணம் தேதி தவறாது. அதனால் மளிகைக் கடையில் எங்களுக்குத் தனி நோட்டு. சேட்டு கடையில்கூட அம்மாவுக்கு மரியாதை. 1965 செப்டம்பர் சண்டையின்போது அலாட்டு இரண்டு மாதம் தாமதமானதாம். பணம் வராததைவிட, 'வரலயே' என்று தெருவே ஒரு மாதிரி பார்த்ததுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. மணியார்டர் ஃபாரத்தின் அடியில் இருக்கும் கூப்பனில் சேதி எழுத இரண்டு விரல் இடம் இருக்கும். அப்பா கையால் அனுப்பியவற்றில் 'நலம். பையன் படிப்பு எப்படி' என்பதற்கு மேல் இருக்காது. அந்தக் கூப்பன்களை அம்மா டிரங்குப் பெட்டியில் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அந்தப் பையன் நான். படித்தது பாண்டிச்சேரியில், தாய்மாமன் வீட்டில். மாமாவுக்குப் பிள்ளை இல்லை. அவரும் ராணுவம்தான், ஆனால் பிரெஞ்சு ராணுவம். பாண்டிச்சேரியில் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள். இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். 1962 ஆகஸ்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். மாமா பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். பென்ஷன் பிராங்கில் வரும், ரூபாயாக மாறிக் கைக்கு வரும். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "நானும்தான் துப்பாக்கி தூக்கினேன்" என்பார்.

பிரெஞ்சில் ஒரு வேடிக்கை. 'லா சோல்த்' என்றால் சிப்பாயின் சம்பளம். அதே வேரிலிருந்து வந்ததுதான் 'சொல்தா'. அதே சொல்லைப் பெண்பாலிலிருந்து ஆண்பாலுக்கு மாற்றி 'லு சோல்த்' என்றால் கணக்கில் உள்ள பாக்கி! பள்ளியில் இதை மாற்றிச் சொல்லி முட்டி போட்டிருக்கிறேன். 1875ல் 'பாங்க் து லாந்தோஷின்' என்ற வங்கியைத் தொடங்கியபோது, சைகோனையும் பாண்டிச்சேரியையும் ஒன்றாக மனதில் வைத்துத்தான் தொடங்கினார்கள். மாமா போன பாதையில் அவருக்கு முன்னாலேயே வங்கி போயிருந்தது.

வெள்ளைக்கார அதிகாரிகளின் கதை வேறு. 1758ல் ரிச்சர்ட் காக்ஸ் என்பவர் ஒரு காலாட்படைக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் ஏஜெண்டாக நியமிக்கப்பட்டார். அதிலிருந்து வளர்ந்த காக்ஸ் கம்பெனி அதிகாரிகளின் சம்பளம், கடன், சாமான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் டாக்டர் வாட்சன் தன் தகரப் பெட்டியை வைத்திருப்பதும் காக்ஸ் வங்கியில்தான். அவரும் ராணுவ டாக்டர்தானே. 1923ல் லாயிட்ஸ் வங்கி அதை எடுத்துக்கொண்டது. இந்தியக் கிளைகள் 1960ல் கிரிண்ட்லேஸுக்குப் போயின. அதிகாரிக்குக் காக்ஸ், சிப்பாய்க்குத் தபால்காரர். எங்கள் தபால்காரர் தகரப் பெட்டி வைத்துக்கொள்ள மாட்டார், ஆனால் அம்மாவுக்குக் கூப்பனைப் படித்துக் காட்டுவார்.

1973ல் எனக்குக் கருவூலத்தில் வேலை கிடைத்தது. பிரெஞ்சில் படித்தவனுக்குத் தமிழில் குறிப்பு எழுதவே ஆறு மாதம் ஆனது. பின்னால் பென்ஷன் பிரிவு கொடுத்தார்கள். ராணுவ பென்ஷன் ஆர்டர் அலகாபாத்திலிருந்து வரும். ஒரு பாதி எங்களிடம், ஒரு பாதி பென்ஷன்தாரரிடம். அவர் நேரில் வரவேண்டும். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து, அங்க அடையாளம் பார்த்து, இரண்டிலும் பதிந்து, பில்லைப் பாஸ் செய்தால் ஸ்டேட் வங்கியில் பணம். மாதம் பிறந்தால் வராந்தா முழுக்கப் பழைய சிப்பாய்கள். கழுத்துப் பட்டன் வரை போட்டு, மீசையை முறுக்கி, வரிசை கலையாமல் நிற்பார்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

1981ல் ஒரு பெண் வந்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ரிட்டயரான கணவர் இறந்துவிட்டார். 1964லிருந்தே குடும்ப பென்ஷன் உண்டு. ஆனால் அந்தக் காலத்துப் பென்ஷன் ஆர்டரில் மனைவி பெயர் இருக்காது. வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி, அங்கே சர்வீஸ் தாளில் இருக்கும் பெயரைப் பார்த்து, அலகாபாத் போய்ப் புது ஆர்டர் வரவேண்டும். எல்லாம் முடிந்து ஆர்டரும் வந்தது. அதில் 'அம்மாள்'. அவர் கொண்டுவந்த தாசில்தார் சான்றில் 'அம்மா'. நான் ஆட்சேபணை எழுதி, ஆர்டரைத் திருப்பி அனுப்பினேன்.

விதிப்படி அது சரி. என் சூப்பிரண்டு, "நல்லா கவனிச்சிருக்கியே" என்று முதுகில் தட்டினார். வேறு சான்று வாங்கி வரச் சொல்லி, அப்போதே முடித்திருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெண் மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை ஒன்றும் கேட்கவில்லை. கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். கை விரலெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெளுத்திருந்தது. தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று பியூன் சொன்னார். ஆர்டர் திருத்தி வர ஒன்றரை வருடம் ஆனது. பாக்கியெல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தோம். பில்லை நான்தான் எழுதினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

1996ல் அப்பா இறந்தார். அதற்குள் ராணுவ பென்ஷன் பொதுத்துறை வங்கிகளுக்கும் வந்து பல வருடம் ஆகியிருந்தது, அப்பாவும் வங்கிக்கு மாறியிருந்தார். அம்மா பெயரிலும் இதே தகராறு இருந்தது. எந்த ஆபீசில் யாருக்கு எழுதவேண்டும், எந்தப் படிவத்தோடு எதை இணைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டே மாதத்தில் முடிந்துவிட்டது. பணம் வந்த அன்று அம்மா, "அலாட்டு வந்துடுச்சு" என்றாள். எனக்கு அந்த வெளுத்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்குச் சிப்பாய் சேரும்போதே வங்கிக் கணக்கு. சம்பளக் கணக்கோடு விபத்துக் காப்பீடும் வருகிறது. பே பரேடும் அலாட்டும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதை. பென்ஷனும் வங்கிகள் கையிலிருந்து 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்குப் போய்விட்டது. அலகாபாத் பிரயாக்ராஜ் ஆனாலும் ஆர்டர் அங்கிருந்துதான், பணம் மட்டும் நேராகக் கணக்கில் விழுகிறது. நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதும் மாறிவிட்டது. மாமா வருடாவருடம் கொடுத்த 'செர்த்திஃபிகா து வீ' போல ஒரு தாள் இங்கேயும் இருந்தது. 2014ல் கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். நம் ஊரில் அதிலும் சிக்கல். தோல் ஷாப்பில் உழைத்த கைகளில் ரேகை எங்கே இருக்கிறது? 2021லிருந்து ஃபோனில் முகத்தைக் காட்டியும் கொடுக்கலாம். இது நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். வராந்தாவில் காத்துக் கிடந்தவர்களைப் பார்த்தவன் நான்.

ஆனால் 'அம்மாள்', 'அம்மா' விவகாரத்தில் கணினியும் நான் செய்ததையேதான் செய்கிறது. அதை யாரும் முதுகில் தட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மாவை உட்காரவைத்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்துக்கு வாசகம் எழுதினேன். பென்ஷன் ஆர்டர், ஆதார், திருமணத்தைக் காட்டும் சர்வீஸ் பக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுக்கச் சொன்னேன். "எவ்வளவு சார் தரணும்?" என்று பையைத் திறந்தார். மூடச் சொன்னேன். தனியாகப் போனால் இதைக் கொண்டா, அதைக் கொண்டா என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். அனுப்புவார்கள், எனக்குத் தெரியாதா! திங்கட்கிழமை நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அணைக்கட்டிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸுக்கு வேலூர் போகிறோம்.