சேவையும் அதற்கேற்ற குழம்பும்

மாவை இழை இழையாகப் பிழிந்து, அவ்விழைகளின் மீது குழம்பையோ பாலையோ வார்த்து உண்ணும் வழக்கம் பல தேசங்களில் உண்டு. எனினும், இழைக்கும் அதன்மேல் வார்ப்பதற்கும் உள்ள சம்பந்தத்தை அறிந்துகொள்வதற்கு, பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலிலே சித்தூருக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையே கிடக்கும் ஊர்களைக் காட்டிலும் தகுந்த இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே அக்கிரகாரத்து வீடுகளில் நாழியிலிட்டுப் பிழியும் சேவைக்கு மோர்க்குழம்பு துணையாக வர, சில மைல் தூரத்தில் கோழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கொங்கு வீடுகளிலே, ஏறக்குறைய அதே அரிசியிலிருந்து பிழியும் சந்தகைக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் துணையாகின்றன. இவ்விருவகை அடுக்களைகளிலும் பழகி, பின்பு மூணாற்றில் ஒரு விடுதியின் சமையற்கட்டுக்குப் பொறுப்பேற்று, வரும் விருந்தினர் விரும்பிக் கேட்பதால் இத்தாலியரின் ஸ்பகெட்டியையும் அடிக்கடி சமைத்து வருகிற எனக்கு, இவையெல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கும் நியதி ஒன்று நாளடைவில் புலப்பட்டது. குழம்பை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கோர் இழையைத் தேடுவது தலைகீழான காரியம்; இழை எப்படிப் பிறந்ததோ அதற்கிசைந்த குழம்பைத்தான் அது ஏற்றுக்கொள்ளும்.

சேவைக்கு ஏற்றது பழைய புழுங்கலரிசியே. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போதே அரிசியினுள் இருக்கும் மாப்பொருள் ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால், பிறகு அதனை அரைத்து வேகவைத்துப் பிழியும்போது இழை குழையாமலும் அறுந்து போகாமலும் வருகிறது. மூன்று நான்கு மணி நேரம் ஊறிய அரிசியோடு சிறிது தேங்காயும் சேர்த்து, விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறப்பு என்பதே தோன்றாதபடி அரைக்க வேண்டும். இவ்விஷயத்தில் நான் கண்டிப்பானவன், ஏனெனில் அரைபடாத ஒரு குறுநொய் அச்சின் ஒரு துளையை அடைத்துக்கொண்டால், அன்றைய சேவை முழுவதும் அந்தத் துளையில் முறிந்து முறிந்தே விழும். அரைத்த மாவைத் தோசைமாவினும் நீர்க்கக் கரைத்து, உப்பும் தேங்காயெண்ணெயும் விட்டு, உருளியிலே கைவிடாமல் கிளறி, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வந்ததும் கொழுக்கட்டைகளாக உருட்டிக் கொதிக்கும் நீரில் இட்டால், வெந்தவை தாமே மேலே மிதந்து வரும்.

அதன் பின்புள்ள சில நிமிஷங்களே இந்தத் தொழிலின் ஜீவன். மூன்று கால்களில் நிற்கும் சேவை நாழியின் திருகை ஒருவர் சுற்ற, மற்றொருவர் கீழே தட்டை நகர்த்தி இழைகளை வாங்கிக்கொண்டிருக்கும் வேளையிலே, "சூடு ஆறறதுக்குள்ளே பிழிஞ்சுடணும்டி, பேசிண்டு நிக்காதே" என்று பாட்டிமார் பேத்திகளை அதட்டுவதில் ஆழ்ந்த ரசாயனம் அடங்கியிருக்கிறது. வெந்த மாவு ஆறத் தொடங்கியதும், அதிலுள்ள மாப்பொருளின் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று மீண்டும் பிணைந்து இறுகுகின்றன. அந்த இறுக்கம் பிழிந்த பிறகு நேர்ந்தால் இழைக்குப் பலம், பிழிவதற்கு முன்பே நேர்ந்துவிட்டால் நாழிக்கும் தோளுக்கும் துன்பம். ஆகவேதான், பிழியும்வரை எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு நிதானம் பிழிந்த பின்பு வேண்டும். அரைமணி நேரமாவது தட்டிலே ஆறவிட்டு, இழை ஸ்திரப்பட்ட பிறகே உதிர்க்க வேண்டும்.

இப்போது மற்ற இழைகளின் பிறப்பையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். வேகவைத்துப் பிழிவது சேவை; பிழிந்து வேகவைப்பது இடியப்பம்; பிழிந்து, உலர்த்தி, பின்பு கொதிநீரில் வேகவைப்பது ஸ்பகெட்டி. கிரமத்திலுள்ள இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தானியத்தின் சுபாவம். ஸ்பகெட்டிக்கு உரிய துரும் கோதுமையில் நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் புரதம் இருப்பதும், அது நீர்பட்டுப் பிசையும்போது குளூட்டன் என்னும் வலையாகப் பின்னிக்கொண்டு மாப்பொருளைத் தன்னுள் சிறைப்படுத்துவதுமே, அந்த இழையைக் கொதிக்கும் நீரிலும் குலையாமல் நிறுத்துகின்றன. நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள கிரான்யானோ என்னும் ஊர் கடற்காற்றிலும் மலைக்காற்றிலும் அவ்விழைகளைத் தெருவிலேயே உலர்த்திப் புகழ் பெற்றதற்கும் அதுவே ஆதாரம். அரிசியில் அந்த வலை கிடையாது. எனவே, ஸ்பகெட்டியை வெந்ததும் வாணலியில் உள்ள குழம்பிலேயே இட்டுப் புரட்டி முடிக்கலாம், முடிக்கவும் வேண்டும். சேவையை அவ்வாறு அடுப்பின்மீது குழம்போடு சேர்த்தாலோ அது கஞ்சியாகிவிடும். உண்பவர் இலையிலேயேதான் அதற்குக் குழம்பைக் கூட்ட வேண்டும்.

இலையில் கூட்டும் குழம்பு ஓடிவிடக் கூடாது, இழையில் தொங்கி நிற்க வேண்டும் என்பதனாலேயே பாலக்காட்டார் மோர்க்குழம்பைத் தேர்ந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் வெண்ணெய்போல் அரைத்து, சற்றுப் புளித்த தயிரில் கலந்து, வெந்த இளவன், அதாவது வெண்பூசணித் துண்டங்களோடு சேர்த்து, மிதமான தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்து, ஓரங்களில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் தயிரிலுள்ள புரதம் திரிந்து நீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்துவிடும்; பிரிந்த குழம்பில் நீர் சேவையை நனைக்கும், ருசி இலையில் தங்கிவிடும். கடுகும் வெந்தயமும் கறிவேப்பிலையும் தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டுவது இறக்கிய பின்புதான்.

சந்தகையின் தேங்காய்ப்பாலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, இரண்டாம் பாலோடு சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே முதற்பாலையும் ஏலப்பொடியையும் சேர்க்க வேண்டும். இதற்கு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்துக்கு இணையாக நான் எதையும் சொல்லமாட்டேன். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு ஏறும் சாலையில், கையால் உருட்டிய அந்தக் கரிய உருண்டைகள் கடைக்குக் கடை கிடைக்கின்றன. ஏலமோ இடுக்கிக்குச் சொல்லவே வேண்டாதது.

மலையேறியதும் எல்லாப் பக்குவங்களும் சற்றே மாறுகின்றன. கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே உள்ள மூணாற்றில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆகையால் ஸ்பகெட்டிப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நிமிஷக் கணக்கை அங்கே நம்புதல் தகாது. 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும், லிட்டருக்கு 10 கிராம் உப்பும் என்பது கணக்கு. கொதிநீரில் எண்ணெய் விடுவதையும், வடித்த இழையைக் குளிர்ந்த நீரில் அலசுவதையும் நான் அனுமதிப்பதில்லை. எண்ணெய் படிந்தாலும், மேலுள்ள மாப்பொருள் கழுவப்பட்டாலும், குழம்பு இழையில் பற்றாது. சேவை மாவிலே எண்ணெய் அவசியமாயிருப்பதும் இங்கே அதுவே இடையூறாவதும், இழைக்கு இழை தர்மம் வேறென்பதற்குப் போதுமான சாட்சி. ஓர் இழையைக் கடித்துப் பார்த்து, நடுவில் ஊசிமுனையளவு வெண்புள்ளி எஞ்சியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வடித்த கஞ்சியில் ஒரு கரண்டியை மறவாமல் காப்பாற்றி வைக்க வேண்டும்.

ஸ்பகெட்டியின் குழம்புக்குக் காந்தல்லூர், வட்டவடைப் பக்கத்துப் பூண்டு மிக உசிதமானது. சிறிய பற்களும் மிகுந்த காரமும் உடைய அதனைச் சீவி, மெல்லிய தீயில் எண்ணெயில் வதக்கி, பொன்னிறம் தொடங்குமுன்பே தக்காளியைச் சேர்த்துவிட வேண்டும். கருகிய பூண்டின் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. நாட்டுத் தக்காளியில் புளிப்பு உண்டு, சதை குறைவு. கலப்பினத் தக்காளியில் சதை உண்டு, ருசி குறைவு. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து, நீர் வற்றி எண்ணெய் மேலே தெளியும்வரை பொறுமையாகக் காய்ச்சுவதே நேரான வழி. புளிப்பு மிகுந்தால் சர்க்கரையை அள்ளிப்போட வேண்டாம். இன்னும் சிறிது நேரம் காய்ச்சினால் தானே தணியும். பின்பு இழையையும் கஞ்சியையும் அதில் இட்டு ஓரிரு நிமிஷம் புரட்டினால், கஞ்சியின் மாப்பொருள் எண்ணெயையும் நீரையும் ஒன்றாக்கி, குழம்பு இழையை மூடிக்கொள்ளும். கடைப்புட்டிச் சாஸையும் கரம் மசாலாவையும் இதில் கொட்டுவோரை நான் வற்புறுத்தித் தடுப்பேன்.

மலைக்குளிரில் சேவைக்குத்தான் கவனம் அதிகம் தேவை. கொழுக்கட்டைகளை ஒரேயடியாக வெளியே எடுக்காமல், அடுப்பின்மீது கொதிநீரிலேயே இருத்தி, ஒவ்வொன்றாக எடுத்து நாழியில் இட வேண்டும். நாழியையும் வெந்நீரில் முக்கிச் சூடாக்கிக்கொள்வது நலம். தயிர் புளிக்க இரண்டு நாளானாலும் ஆகும் என்பதால், மோர்க்குழம்பை நினைத்த அன்றே செய்ய இயலாது. முன்கூட்டியே உறைகுத்தி அடுப்பங்கரையில் வைத்துவிட வேண்டும். மிஞ்சிய சேவை மறுநாள் விறைத்துக் கிடப்பதைக் கண்டு அதை எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. ஐந்து நிமிஷம் ஆவியில் வைத்தால் இறுகிய மாப்பொருள் மறுபடியும் இளகி, இழை பழைய மென்மையை அடைந்துவிடும். அப்போது அதற்கு மோர்க்குழம்பு வேண்டாம்; எலுமிச்சஞ்சாறு பிழிந்து, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துச் சேர்த்தால் போதும்.